பாட்டில்லாத டூம் மெட்டலில் அரசியல் எங்கே இருக்கிறது?

‘டிவைட் அண்ட் டிசால்வ்’ என்ற டூம் மெட்டல் குழுவின் ‘இன்சேஷியபிள்’ ஆல்பம் 2025 ஏப்ரலில் பெல்லா யூனியன் இசை நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. இதைப் பற்றி எழுதியவர்கள் பலரும் காலனிய எதிர்ப்பு, கறுப்பின, பூர்வகுடி மக்களின் இறையாண்மை என்றெல்லாம் குறிப்பிட்டார்கள். ஆல்பத்தைப் போட்டுக் கேட்டால் காதில் விழுவது கனத்த கிடார், டிரம்ஸ், இடையிடையே சாக்ஸஃபோன். பாடல் வரி என்று தேடினால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. அப்படியானால் அந்த அரசியலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்பது நியாயமே.

சுருக்கமான பதில் இது: ஒலி தனியாக எந்தக் கருத்தையும் சொல்வதில்லை. கருத்தைச் சொல்வது தலைப்பும், கூடவே வரும் பேச்சும், வாசிப்பவர் யார் என்பதும். அந்தக் கருத்தை விட்டு உடனே நகர்ந்துவிடாதபடி கேட்பவரைப் பிடித்து வைப்பதுதான் ஒலியின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘இதில் அரசியலே இல்லை’ என்றும் ‘ஒவ்வொரு சுரத்திலும் அரசியல்’ என்றும் இரு தரப்பாகச் சண்டை நடக்கிறது.

## டூம் என்றால் என்ன

மெட்டல் இசையின் மிக மெதுவான கிளை டூம். பெரும்பாலும் நிமிடத்துக்கு 40 முதல் 70 தாளம். கிடார் வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். ரிஃப் எனப்படும் ஒரே சொற்றொடர் பல நிமிடங்கள் திரும்பத் திரும்ப வரும்.

இதன் வேர் 1970 பிப்ரவரியில் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், 1971 வாக்கில் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தித் தந்திகளைத் தளர்த்தினார். இன்று டூம் என்றாலே நினைவுக்கு வரும் அந்தத் தாழ்ந்த, தொய்ந்த ஒலியில் ஒரு தொழிற்சாலை விபத்துக்கும் பங்கு உண்டு. இந்த இசைக்கு அரசியலை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினார்கள் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாடகரே இல்லாத டூமுக்கும் வயதாகிவிட்டது. சியாட்டிலின் ‘எர்த்’ குழு 1993-ல் வெளியிட்ட ‘எர்த் 2’ மூன்றே டிராக்குகளில் எழுபது நிமிடங்களைத் தாண்டியது. சிகாகோவின் ‘பாங்ரிப்பர்’ முழுக்கக் கருவி இசை வாசிக்கும் குழு.

## ஏன் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு தாழ்வாக

மனநிலையைக் காட்டத்தான் மெதுவாக வாசிக்கிறார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி இயற்பியல்.

1. தாழ்ந்த சுரத்துக்கு நேரம் தேவை. கிடாரின் தடித்த தந்தி வழக்கமாக ஈ (E) சுரம், அதாவது நொடிக்கு 82.4 அதிர்வு (ஹெர்ட்ஸ்). டூமில் அதைச் சி (C) வரை இறக்குவது சாதாரணம்: 65.4 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 200 தாளத்தில் பதினாறாம் சுரமாக, அதாவது தாளத்துக்கு நான்கு சுரமாக வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைப்பது 75 மில்லிநொடி. அதற்குள் ஏறக்குறைய ஐந்தே அதிர்வுகள்தான் முடியும், சுருதி என்னவென்று காது பிடிப்பதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். நிமிடத்துக்கு 60 தாளத்தில் ஒரு தாளம் முழுக்க நிற்கும் சுரத்துக்கு 65 அதிர்வுகள் கிடைக்கின்றன.

2. ஃபஸ் போட்டால் எல்லாச் சுரக்கூட்டும் ஒத்துவராது. ஃபஸ் என்பது ஒலியலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்கும் பெடல். அப்படி வெட்டும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் வித்தியாசம் புதிய சுரமாகப் பிறக்கிறது. சியோடு (65.4) அதன் ஐந்தாம் சுரத்தைச் (98.1) சேர்த்தால் வித்தியாசம் 32.7 ஹெர்ட்ஸ். அது அதே சியின் கீழ் ஸ்தாயி. யாரும் வாசிக்காத ஒரு அடிச்சுரம் இலவசமாக வந்து சேர்கிறது. அதே சியோடு சிறு மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 13 ஹெர்ட்ஸ். அது சுரமாகக் கேட்காது, உறுமலாக, சேறாகக் கேட்கும். டூம் ரிஃப்கள் பெரும்பாலும் ஒற்றைச் சுரமாகவோ ஐந்தாம் சுரத்தோடு சேர்ந்தோ இருப்பது இதனால்தான்.

3. தந்தி மாற்ற வேண்டும். ஈயிலிருந்து சிக்கு இறக்கினால் தந்தியின் இழுவிசை 37 சதவீதம் குறைகிறது. பழைய தந்தியையே வைத்துக்கொண்டால் அது தொளதொளத்து, கழுத்தில் பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் அடிக்கும்; அழுத்தி மீட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி மேலே போய்த் திரும்பும். பழைய இழுவிசை வேண்டுமானால் தந்தியின் தடிமன் 1.26 மடங்காக வேண்டும்: ஆயிரத்தில் 46 அங்குலம் என்ற இடத்தில் 58. தடித்த தந்தி நட்டின் (கழுத்து நுனியில் தந்தியைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் உட்காராது, எனவே பள்ளத்தைச் சற்று அரைத்து அகலப்படுத்த வேண்டும். தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இன்டோனேஷனையும், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்பதையும், மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் திறந்த தந்தி சுருதியில் இருக்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட் இருக்காது. இரண்டு கிடார்களை அடுக்கிப் பதிவு செய்யும்போது இந்தப் பிழை பூதாகரமாகத் தெரியும்.

## இரண்டு பேர், பாஸ் கிடார் இல்லை

டிவைட் அண்ட் டிசால்வ் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உருவான இருவர் குழு. டாகையா ரீட் கிடாரும் சாக்ஸஃபோனும் வாசிப்பவர். கறுப்பினத்தவர், அமெரிக்காவின் செரோக்கி பூர்வகுடியைச் சேர்ந்தவர். முதல் ஆல்பங்களில் டிரம்ஸ் வாசித்த சில்வி நெஹில் நியூசிலாந்தின் மாவோரி பூர்வகுடி. நெஹில் பின்னர் விலகிவிட்டார், ரீட் குழுவைத் தொடர்கிறார். 2017-ல் ‘பேசிக்’, 2018-ல் ‘அபாமினேஷன்’, 2021-ல் ‘கேஸ் லிட்’, 2023-ல் ‘சிஸ்டமிக்’ என்று வந்த வரிசையில் ஐந்தாவது ‘இன்சேஷியபிள்’.

பாஸ் கிடார் இல்லாத குழுக்கள் கீழ்ப்பகுதியை எப்படி நிரப்புகின்றன என்பது டூம் வாசிக்க முயல்பவர்கள் முதலில் இடறி விழும் இடம். பொதுவான வழி, கிடாரின் சிக்னலை ஸ்ப்ளிட்டர் பெட்டியால் இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கிடார் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்), மற்றதைச் சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் ஆக்டேவ் பெடல் வழியாகப் பாஸ் ஆம்புக்கும் அனுப்புவது. இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் விஷயங்கள்:

- இரண்டு ஆம்பும் தனித்தனியாக எர்த் ஆகியிருப்பதால் 50 ஹெர்ட்ஸ் ‘ஹ்ம்’ இரைச்சல் வரும். டிரான்ஸ்ஃபார்மரால் தனிமைப்படுத்திய ஸ்ப்ளிட்டர்தான் தீர்வு. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினாலும் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் அது உயிருக்கு ஆபத்து. ஒருபோதும் செய்யக் கூடாது.
- ஒரு ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கினால் இரண்டின் பாஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்புகளைத் தனித்தனியாகப் போட்டால் கனமாகவும், சேர்த்துப் போட்டால் மெலிந்தும் கேட்டால் காரணம் இதுதான். பொலாரிட்டி பொத்தானை மாற்றிப் பார்த்து, தடித்துக் கேட்கும் பக்கத்தில் விடுங்கள்.
- ஆக்டேவ் பெடல் சியை 32.7 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். பெரும்பாலான பாஸ் கேபினெட்டுகள் 40-க்குக் கீழே பெரிதாக ஒன்றும் தருவதில்லை. ஒலி கூடாது, ஸ்பீக்கர் கூம்பு மட்டும் வீணாக அலையும். ஆக்டேவின் அளவைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.
- வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம். ஆம்பின் பின்புறச் சுவிட்சும் 4-ல் இருக்க வேண்டும்.

இந்தக் குழுவைத் தனித்துக் காட்டுவது சாக்ஸஃபோன். சோப்ரானோ சாக்ஸஃபோனின் அடிச்சுரமே ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ். கிடாரின் அடித்தந்தியைவிட ஒன்றரை ஸ்தாயிக்கு மேல். அதனால் ரிஃப் ஆக்கிரமிக்காத இடத்தில் அது நிற்கிறது. ரீட் அதை, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடலில் அடுக்கடுக்காகச் சேர்த்து முதலில் ஒரு அமைதியான பரப்பைக் கட்டுகிறார், பிறகு அதன் மேல் ரிஃப் வந்து விழுகிறது. அமைதிக்கும் இடிக்கும் நடுவே பாலம் எதுவும் போடுவதில்லை. அவர்களுடைய இசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வெட்டுதான். மெதுவாக ஏறி உச்சம் தொடும் இசை, கேட்பவரைத் தயார்ப்படுத்தி ஆறுதலும் சொல்லிவிடும். இங்கே அந்த வசதி கிடையாது.

## செய்தி எந்த வழிகளில் வருகிறது

1. தலைப்பு. கருவி இசையில் கேட்பவருக்குக் கிடைக்கும் முதல் சொல் இதுதான், பல நேரம் ஒரே சொல்லும் இதுதான். ‘கேஸ் லிட்’ (ஒருவரைத் தன் அனுபவத்தையே சந்தேகிக்க வைப்பதைக் குறிக்கும் சொல்) ஆல்பத்தின் டிராக் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: ‘நிரூபித்துக் காட்டு’, ‘மறுப்பு’, ‘மூளைக் குட்டிக்கரணம்’, ‘இது ரொம்பச் சிக்கலான விஷயம்’, ‘உன்னை நினைத்தால் எங்களுக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது’ என்ற பொருளில் தலைப்புகள் இருக்கின்றன. இனவெறியைப் பற்றிப் புகார் சொல்பவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும் வாக்கியங்கள் இவை. சொற்களை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலை மட்டும் சொல்லில்லாமல் வாசிக்கிறார்கள். வரி எழுதிப் பாடியிருந்தால் இது வழக்கமான பட்டிமன்றமாக முடிந்திருக்கும்.

2. பேச்சு. ‘கேஸ் லிட்’, ‘சிஸ்டமிக்’ இரண்டிலும் தலா ஒரு டிராக்கில் மினோரி சான்சிஸ்-ஃபுங் என்ற கவிஞரின் குரல் வருகிறது. அவற்றில் ரிஃப் கிடையாது. பேச்சு வரும்போது கனம் ஒதுங்கி நிற்கிறது.

3. வாசிப்பவர் யார். இந்த வகை இசையின் மேடையும் கூட்டமும் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களுடையவை. அங்கே ஒரு கறுப்பின, பூர்வகுடிப் பெண் ஆம்புகளின் முன்னே வந்து நிற்பதே ஒரு கூற்று. நேரில் பார்த்தால் இது உடனே எட்டும், ஹெட்ஃபோனில் எட்டாது.

4. பணமும் அட்டையும். மான்ட்ரியாலின் ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ டூம் குழு அல்ல. ஆனால் வரியில்லாத அரசியல் இசைக்கு அவர்களை விட்டால் தெளிவான உதாரணம் கிடையாது. 2002 ஆல்பத்தின் பின்னட்டையில் பெரிய இசை நிறுவனங்களுக்கும் ஆயுத உற்பத்தியாளர்களுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகப் போட்டார்கள். 2013-ல் கனடாவின் போலாரிஸ் பரிசு கிடைத்தபோது, 30,000 டாலரை கியூபெக் சிறைவாசிகளுக்கு இசைக்கருவி கிடைக்கச் செய்யும் முயற்சிக்கு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். 2024 ஆல்பத்துக்குப் பெயரே வைக்கவில்லை. 13 பிப்ரவரி 2024 என்ற தேதியையும், காசாவில் அன்றுவரை பதிவான சாவு எண்ணிக்கையான 28,340 என்பதையும் தலைப்பின் இடத்தில் அச்சிட்டார்கள்.

நாலாவது வழிக்கு ஒரு தனிப் பயன் உண்டு: அதைச் சரிபார்க்கலாம். வரைபடம் சரியா தவறா என்று கேட்கலாம், பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கலாம். ரிஃபை அப்படிக் கேட்க முடியாது.

## ஒரு தலைப்பை அருகில் வைத்துப் பார்த்தால்

‘சிஸ்டமிக்’ ஆல்பத்தில் ‘பிளட் குவாண்டம்’ என்று ஒரு டிராக். இந்தப் பெயர் தெரியாதவருக்கு அது ஏதோ திகில் படத் தலைப்பு போல இருக்கும். உண்மையில் அது அமெரிக்க அரசு நிர்வாகத்தின் கணக்கு.

பிளட் குவாண்டம் என்றால் ஒருவருடைய உடலில் ‘இந்திய இரத்தம்’, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி இரத்தம், எத்தனை பங்கு என்ற பின்னம். முழுப் பூர்வகுடி ஒருவருக்கும் வெளியாள் ஒருவருக்கும் பிறந்த பிள்ளை 1/2. அந்தப் பிள்ளையும் வெளியே மணந்தால் பேரப்பிள்ளை 1/4. அடுத்தது 1/8, அடுத்தது 1/16. அமெரிக்காவின் பூர்வகுடி விவகாரத் துறை இன்றும் இந்தப் பின்னத்தைச் சான்றிதழாகத் தருகிறது.

செரோக்கி மக்களுக்கு இன்று அமெரிக்க அரசு அங்கீகரித்த குழுமங்கள் மூன்று. வட கரோலினாவின் கிழக்குக் குழுமம் 1/16 கேட்கிறது. ஒக்லஹோமாவின் கீட்டூவாக் குழுமம் 1/4 கேட்கிறது. மூன்றிலும் பெரிதான செரோக்கி நேஷன் எந்தப் பின்னமும் கேட்பதில்லை, அமெரிக்க அரசு தொகுத்த ‘டாஸ்’ என்ற பழைய பெயர்ப் பதிவேட்டில் உள்ள ஒருவரின் வம்சாவளி என்று காட்டினால் போதும்.

சிக்கல் அந்தப் பதிவேட்டில்தான் தொடங்குகிறது. 1898 முதல் அரசு அதைத் தொகுத்தபோது ‘இரத்தத்தால் செரோக்கி’ என்று ஒரு பட்டியலும், செரோக்கிகள் அடிமைகளாக வைத்திருந்து பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ‘ஃப்ரீட்மென்’ என்று இன்னொரு பட்டியலும் போட்டது. ஃப்ரீட்மென் பட்டியலில் இரத்தப் பின்னம் எழுதப்படவில்லை, அவர்களில் செரோக்கி முன்னோர் உள்ளவர்களுக்கும்கூட. அவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்று 1866 உடன்படிக்கை சொல்லியிருந்தது. 2007-ல் செரோக்கி நேஷன் வாக்கெடுப்பு நடத்தி அவர்களின் வழித்தோன்றல்களை வெளியேற்ற முயன்றது. 2017-ல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றமே ‘இரத்தத்தால்’ என்ற சொல்லைத் தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது.

கறுப்பினத்தவராகவும் செரோக்கியாகவும் இருக்கும் ஒருவர் இந்தப் பெயரைத் தம் இசைக்கு வைக்கும்போது அதன் பின்னால் இத்தனையும் நிற்கிறது. ரீட்டின் குடும்பம் எந்தப் பட்டியலில் இருந்தது என்று இதிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை, அது இங்கே தேவையுமில்லை. ஒரு மக்கள் கூட்டம் உயிரோடு இருக்கும்போதே காகிதத்தில் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் கணக்கு அது என்பது தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கும் தெரியாமல் கேட்பவருக்கும் காதில் விழும் ஒலி ஒன்றேதான். அந்த ஒலியோடு இருக்கும் நிமிடங்களில் எதை நினைக்கிறோம் என்பது மாறிவிடுகிறது.

அந்த நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்று பார்த்தால் டெம்போவின், அதாவது தாள வேகத்தின், வேலை புரியும். நிமிடத்துக்கு 60 தாளத்தில், நான்கு தாளம் கொண்ட ஒரு அளவு (பார்) 4 நொடி. எட்டு அளவு ரிஃப் 32 நொடி. அதை எட்டு முறை திருப்பினால் 4 நிமிடம் 16 நொடி. இரண்டாம் முறைக்குப் பிறகு காதுக்குப் புதிய தகவல் எதுவும் வருவதில்லை, மனம் வேறு எதையாவது பற்றிக்கொள்ளத் தேடும். அங்கே தலைப்பு காத்திருக்கிறது.

## எதிர்வாதம் ஒன்று

‘தலைப்பை மாற்றினால் செய்தியும் மாறிவிடுமே, அப்புறம் இசையில் என்ன அரசியல்?’ என்று கேட்பார்கள். ஆமாம், மாறிவிடும். அதை ஒப்புக்கொள்வதில் இந்த இசைக்கு எந்த இழுக்கும் இல்லை. நடைமுறையில் இது ஒரு ஆபத்துதான்: ஸ்ட்ரீமிங் தளங்களின் ‘ஹெவி’ பட்டியல்களில் ஒரு டிராக் தனியாகப் போய் விழுந்தால் ஆல்பம், அட்டை, பேச்சு எல்லாம் கழன்று வெறும் கனம் மட்டும் மிஞ்சுகிறது. சொல்லில்லாமலும் பேச முடியும் என்று ரீட் நேர்காணல்களில் உறுதியாகச் சொல்லிவருபவர். நான் அதோடு பாதிதான் உடன்படுகிறேன். துயரத்தையும் சினத்தையும் ஒலி சொல்லும். யார் மேல் சினம் என்பதைச் சொல்லாது. ‘இன்சேஷியபிள்’ ஆல்பத்தில் ‘கிரீஃப்’ என்ற டிராக்கில் ரீட்டின் சொந்தக் குரலும் வருவதைக் கவனிக்க வேண்டும். துயரம் என்று பெயரிட்ட இடத்தில்தான் மனிதக் குரலை உள்ளே விட்டிருக்கிறார்.

## கேட்பதற்கு

- ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். அது 65 ஹெர்ட்ஸை ஏறக்குறைய எழுப்பவே எழுப்பாது. மேல் அதிர்வுகளை வைத்துச் சுருதியைக் காது ஊகித்துக்கொள்ளும், கனம் வராது. சாக்ஸஃபோன் மட்டும் நன்றாகக் கேட்கும் என்பதால் ஆல்பத்தின் சமநிலையே தலைகீழாகும். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் போதும்.
- ஷஃபிளையும் (வரிசை மாற்றி ஒலிப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு டிராக் மங்கும்போதே அடுத்தது எழுவது) அணைத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆல்பத்தை வரிசையாகப் போடும்போது டிராக்குகளுக்கு இடையிலான ஒலி வித்தியாசத்தை அப்படியே வைக்கிறது. ஷஃபிளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமன் செய்வதால் மெல்லிய டிராக்குகளின் அளவு உயர்ந்துவிடும், அமைதிக்கும் இடிக்கும் உள்ள வெட்டு மழுங்கிவிடும்.
- இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் வாங்கினால் டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். மீதி கலைஞருக்கோ நிறுவனத்துக்கோ போகும். நன்கொடை ஆல்பம் என்று எங்காவது பார்த்தால் ‘விற்பனைத் தொகை முழுவதும்’ என்றிருக்கிறதா, ‘லாபத்தில் ஒரு பகுதி’ என்றிருக்கிறதா, பெறும் அமைப்பின் பெயரும் கடைசித் தேதியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் செலவும் அச்சுச் செலவும் கழித்த பின் சிறு ஆல்பங்களில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சாமல் போவது சகஜம்.
- நேரில் போனால் காதடைப்பான் கட்டாயம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடத்தோடு வரம்பு முடிந்துவிடும். பஞ்சு உதவாது. அது மேல் அதிர்வுகளை மட்டும் மங்கவைத்துக் கீழ் அதிர்வுகளை உள்ளே விடும், இந்த இசையில் ஆற்றல் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது.